பெருந்தொற்று ஆண்டில் மருத்துவ முதலாமாண்டு: வேலூரிலிருந்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 2021 பிப்ரவரியில் வேலூரில் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டில் சேர்ந்தவள். சொந்த ஊர் குடியாத்தம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார். இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்ததும் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு, ஆரணிப் பக்கங்களிலிருந்து புதிதாகச் சேரும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் பேசுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தக் கொரோனா ஆண்டில்தான் வந்து நிற்கும். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

அக்கா, நீங்கள் ஏன் பிப்ரவரியில் சேர்ந்தீர்கள்?

பிளஸ் டூ கடைசித் தேர்வை 2020 மார்ச் 24 அன்று எழுதினேன். அன்று மாலை 6 மணிக்கு மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு வந்தது. மே 3 அன்று நடக்கவேண்டிய நீட் தேர்வு ஜூலை 26-க்குத் தள்ளிப்போய், பிறகு செப்டம்பர் 13-க்குப் போனது. முடிவு அக்டோபர் 16 அன்று வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது அந்த அக்டோபர் கடைசியில்தான். நவம்பர் 18 அன்று சென்னையில் கலந்தாய்வு தொடங்கியது. வகுப்பு 2021 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது.

ஆக, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே எங்களுக்குப் பத்து மாதத்துக்கும் மேலான இடைவெளி. அதில் பாதிக் காலம் தேர்வு நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல் படித்தோம். வீட்டில் தறி ஓடவில்லை, நெய்த லுங்கியை வாங்கிப்போக ஆள் வரவில்லை. படிப்பதா, வேலைக்குப் போவதா என்ற கேள்வி எங்கள் தெருவில் பல வீடுகளில் எழுந்தது. என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த ஒருத்தி அந்த இடைவெளியில் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். திரும்பிப் படிக்க வரவில்லை. அந்த ஆண்டு எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் அவளைத்தான் நினைக்கிறேன்.

கலந்தாய்வு ஆன்லைனில்தானே நடந்தது?

இல்லை, நேரில் நடந்தது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உடல் வெப்பம் பார்த்து, கையில் கிருமிநாசினி ஊற்றி உள்ளே அனுப்பினார்கள். உள் ஒதுக்கீட்டில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் சேர்த்து நானூற்றுச் சொச்சம் இடங்கள். நானும் அப்பாவும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனோம். நான் சென்னையைப் பார்த்தது அதுவே முதல் முறை. முகக்கவசத்துக்கு மேலே அப்பாவின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. ஆணையைக் கையில் வாங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

முதல் நாளிலிருந்தே வகுப்புகள் ஆன்லைன்தானா?

பிப்ரவரியும் மார்ச்சும் நேரில் படித்தோம். முதல் மாதம் அடிப்படைப் பயிற்சி. முதலுதவி, கை கழுவும் முறை, நோயாளியிடம் பேசும் முறை என்று போகும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2020 ஆகஸ்டில் பெருந்தொற்று மேலாண்மை என்று ஒரு பாடத் தொகுப்பையே வெளியிட்டிருந்தது. அதனால் பாதுகாப்புக் கவச உடையை அணிவதும் கழற்றுவதும் எங்களுக்கு முதலாமாண்டிலேயே பாடமாக வந்தது. அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். உடையின் வெளிப்புறத்தைத் தொட்ட கை முகத்துக்குப் போய்விடக் கூடாது. இந்த வரிசையை இன்றும் நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மே 10 முதல் முழு ஊரடங்கு. மருத்துவக் கல்லூரிகள் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 16 அன்று. நடுவில் இருந்த அந்த நான்கு மாதம்தான் எல்லோரும் கேட்கும் ஆன்லைன் காலம்.

வீட்டில் உட்கார்ந்து மருத்துவம் படிக்க முடிந்ததா?

பாதி முடிந்தது. எந்தப் பாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒரே நீளக் கூடம். முன்பாதியில் தறிக்குழி, பின்பாதியில் சமையல். அப்பா நெய்யத் தொடங்கிவிட்டால் போனில் ஆசிரியர் பேசுவது கேட்காது. வகுப்பு நேரம் முழுவதும் தறியை நிறுத்தினால் கூலி போகும். அதனால் நான் மொட்டைமாடிக்குப் போனேன். எங்கள் பக்கத்து மே மாத வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் ஒரே போன். தம்பிக்குப் பத்தாம் வகுப்பு. என் உயிர்வேதியியலும் அவன் கணக்கும் ஒரே நேரத்தில் வரும் நாளில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பெயர்களை ஆன்லைனில் கற்கலாம். நொதிகள், ஹார்மோன்கள், இதயம் சுருங்கி விரியும் சுற்று, சிறுநீரகம் வடிகட்டும் முறை, எல்லாவற்றையும் படமும் குரலும் புரியவைத்துவிடும். சில பாடங்களை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்க முடிந்தது, வகுப்பறையில் அது கிடைக்காது. கையால் செய்யவேண்டியதை மட்டும் ஆன்லைனில் கற்கவே முடியவில்லை. விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்து, கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் சிவப்பணுக்களைக் கட்டம் கட்டமாக எண்ணுவது முதலாமாண்டின் அடிப்படைச் செய்முறை. அதை வீடியோவாகப் பார்த்தோம். நீச்சலைக் கரையில் நின்று பார்த்தது போலத்தான் அது.

இதை எங்கள் உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர் புரிந்துகொண்டார். ஒருநாள் வகுப்பைத் தொடங்குமுன், "வீட்டில் இருக்கும் எல்லோருடைய நாடியையும் முழு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அம்மாவுக்கு 78. தம்பிக்கு 84. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்ததால் 96. பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை. இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது, பிறகு காணோம், பிறகு ஒன்று பலமாக, ஒன்று லேசாக. என் விரல்தான் தவறு செய்கிறது என்று நினைத்து நான்கு முறை பார்த்தேன். ஆசிரியரிடம் சொன்னதும் அவர் குரல் மாறியது. "உன் விரலில் தவறில்லை, ஊரடங்கு தளர்ந்ததும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்" என்றார். எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். பாட்டி இன்று வரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்.

அந்த நான்கு மாதத்தில் நான் மருத்துவம் கற்ற நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். திரையை மூடிவிட்டு ஒரு கையைப் பிடித்த நாள் அது.

சடலம் இல்லாமல் உடற்கூறியல் எப்படிப் படித்தீர்கள்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. எனக்கு இன்றும் வலிக்கிற கேள்வியும் இதுவே.

பிப்ரவரியில் உடற்கூறாய்வுக் கூடத்துக்குள் முதன்முறை போனபோது எங்களை வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். இந்த உடலைத் தந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றியோடு இருப்போம், மரியாதைக் குறைவாக நடக்கமாட்டோம் என்பது அதன் சாரம். எங்கள் மேசையில் இருந்தவர் ஒரு முதியவர். அவரே எழுதிவைத்துத் தானமாகத் தந்த உடல் என்பது மட்டும்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. முகக்கவசத்தைத் தாண்டி ஃபார்மலின் நெடி கண்ணில் ஏறியது. வழக்கமாக ஒரு மேசையைச் சுற்றி மாணவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். எங்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஒருநாளும் மறு பாதியை மறுநாளும் உள்ளே விட்டார்கள். மேற்கையில் தொடங்கினோம். மார்புத் தோலை விலக்கி, தசையைப் பார்த்து, அக்குளின் வாசல்வரை வந்திருந்தோம். அதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பாதியில் விட்ட அந்த வலக்கை நான்கு மாதமும் என் மனத்தில் கிடந்தது. ஒருவர் தன் உடலைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் பாதி படித்துவிட்டுத் துணியால் மூடிவிட்டு வந்துவிட்டோம் என்று தோன்றும். அந்தக் காலத்தில் புதிய உடல்கள் வருவதும் எங்கள் கூடத்துக்கு நின்றிருந்தது. இருந்தவர்களை வைத்தே எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டும்.

வீட்டில் படங்களைப் பார்த்துப் படித்தேன். படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். அக்குளில் பிராக்கியல் பிளெக்சஸ் என்ற நரம்புப் பின்னல் இருக்கிறது. கழுத்திலிருந்து இறங்கும் ஐந்து வேர்கள் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்குப் போகும். அதை வெள்ளைத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குப் பழகினேன். ஆகஸ்டில் கூடத்துக்குத் திரும்பிப் போய் அதே அக்குளைத் திறந்தபோது எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே நிறம். எது தமனி, எது நரம்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார். சுவர் தடித்து ரப்பர் குழாய் போல உருண்டால் தமனி. தட்டையாக நசுங்கினால் சிரை. முறுக்கிய நூல் போல, உள்ளே வெற்றிடமே இல்லாமல் இறுக்கமாக இருந்தால் நரம்பு. முறுக்கிய நூல் என்று அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது, நான் நூலோடு வளர்ந்தவள். விரலால் வழி தேடிப் போனபோது, தமனிக்கு முன்னால் நரம்புகள் ஆங்கில எம் எழுத்தாகப் பிரிந்து நிற்பது கையில் தட்டுப்பட்டது. நூறு முறை வரைந்த எம் அது.

வேலூரைப் பற்றி நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. அந்தச் சொல்லைக் காலம் மாற்றிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-ல் திரும்பி வந்தார். நாங்கள் கூடத்துக்குத் திரும்பிய அதே ஆண்டு நவம்பரில் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. எங்களுக்கும் விட்ட இடம் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு கடைசி வரை, மாலையில் கூடத்தைப் பூட்ட வரும் உதவியாளர் எங்களுக்காக அரை மணி நேரம் காத்திருப்பார். அவர் காத்திருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? வீட்டில் பயப்படமாட்டார்களா?

எலும்புப் பெட்டியை மூத்த மாணவர்களிடமிருந்து வாங்குவது வழக்கம். ஒரு பக்கத்துக் கை, கால் எலும்புகள், மண்டையோடு, முதுகெலும்புகள் என்று இருக்கும். ஏப்ரலில் ஊருக்குப் போகும்போது அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பாட்டி முதலில் வீட்டுக்குள் விடவில்லை. "யாருடையது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பரணில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் காட்டும்போது பரணையும் பார்த்து ஒருமுறை காட்டிவிட்டுப் போவார். கூடத்தில் நாங்கள் எடுத்த உறுதிமொழியும் பாட்டியின் அந்தக் கற்பூரமும் எனக்கு ஒன்றுதான். உங்கள் வீட்டில் பயந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர்கள் வழியில் மரியாதை செய்ய விடுங்கள்.

ஊரில் இருந்தபோது மருத்துவ மாணவி என்று உங்களிடம் ஆலோசனை கேட்டார்களா?

கேட்டார்கள். இரண்டு மாதம் படித்திருந்த எனக்கு அது பெரிய பாரம்.

அந்த மே மாதம் வைகாசி முதல் நாள் வந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே நெரிசலாக இருக்கவேண்டிய நாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த பெரியப்பாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். சாயப்பட்டறையில் வேலை செய்பவர். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது. வைத்துப் பார்த்தால் 89. நகத்தில் நீலச் சாயம் ஊறியிருந்தது. நகத்தில் சாயம் இருந்தால் அளவு தவறாகக் காட்டலாம் என்று படித்திருந்ததால், சாயம் குறைவாக இருந்த இடது சுண்டுவிரலைச் சோப்பால் கழுவிவிட்டு மறுபடி வைத்தேன். 91. "நன்றாகத்தானே பேசுகிறேன், மூச்சு வாங்கவில்லையே" என்றார் பெரியப்பா. உண்மையாகவே அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் மாடியில் உட்கார்ந்து ஆக்சிஜன் பிரிகை வளைவு படித்திருந்தேன். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் குறையக் குறைய, ஹீமோகுளோபின் பிடித்துவைத்திருக்கும் அளவு முதலில் மெதுவாகத்தான் குறையும். அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்கு வரும்போதும் அளவு 90 சதவீதம் இருக்கும். அதற்குக் கீழே போனால் வளைவு கிணற்றுப் படி போலச் செங்குத்தாக இறங்கும். பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? "பெரியப்பா, பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் இனிப்பு வாங்கித் தருவீர்கள். இந்தக் கருவியில் தொண்ணூறு என்றால் கிணற்று விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பொருள்" என்றேன். 94-க்குக் கீழே போனாலே மருத்துவமனை என்பதுதான் அப்போது எல்லோருக்கும் சொல்லப்பட்ட அளவு. 108-ஐ அழைத்தோம். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கச் சொன்னோம். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.

அதே வாரம் அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில், நன்றாகத்தான் பேசுகிறார் என்று ஒருநாள் பொறுத்தார்கள். அவர் திரும்பவில்லை.

முதலாமாண்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லாதீர்கள், நோயின் பெயரைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். எப்போது மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். அந்த ஒன்றைச் சொல்ல இரண்டு மாதப் படிப்பு போதும்.

கபசுரக் குடிநீர் குடித்தீர்களா?

விடுதியில் கொடுத்தார்கள், குடித்தோம். அதைக் குடித்துவிட்டோம் என்பதற்காக முகக்கவசத்தையோ தடுப்பூசியையோ விடவில்லை.

முதலாமாண்டு மாணவர்களைக் கொரோனா வார்டுக்கு அனுப்பினார்களா?

இல்லை. 2021 மே மாதம் மத்திய அரசு எடுத்த முடிவின்படி பயிற்சி மருத்துவர்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனாப் பணியில் ஈடுபடுத்தினார்கள். இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான பாதிப்பு உள்ளவர்களைக் கவனிக்கவும் பயன்படுத்தலாம் என்றார்கள். நாங்கள் அந்த வரிசையில் கடைசி. ஆகஸ்டில் நாங்கள் திரும்பியபோது மூத்த அண்ணன்களும் அக்காக்களும் மெலிந்திருந்தார்கள், அதிகம் பேசவில்லை. கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்பார்கள். இன்று நான் அவர்கள் இருந்த இடத்தில் இருக்கிறேன். ஓர் இரவுப் பணிக்குப் பிறகு எனக்கே பேச்சு வராதபோது, அவர்கள் ஒரு மாதம் முழுவதும் என்ன பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

தடுப்பூசி எப்போது கிடைத்தது?

நாட்டில் தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. மருத்துவ மாணவர்களும் அந்தக் கணக்கில் வந்தார்கள். ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும். நீட் எழுத 17 போதும் என்பதால் எங்களில் சிலர் இன்னும் பதினேழில் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தும் ஊசி போட முடியாது, பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டும். என் அறைத்தோழி தன் பிறந்தநாளன்று காலையில் முதலில் போனது தடுப்பூசி மையத்துக்குத்தான்.

விடுதி எப்படி இருந்தது? நண்பர்கள் கிடைத்தார்களா?

முதலில் அறைக்கு ஒருவர், பிறகு இருவர். உணவுக் கூடத்தில் முறை வைத்துச் சாப்பிட்டோம். முகக்கவசம் கழற்றும் ஒரே இடம் அதுதான் என்பதால் வகுப்புத் தோழர்களின் முகத்தை நான் சாப்பாட்டு நேரத்தில்தான் அறிந்தேன். நட்பு மெதுவாக வந்தது. வந்தது நிலைத்திருக்கிறது.

மனம் தளர்ந்ததா? அப்போது என்ன செய்வது?

தளர்ந்தது. ஜூன் மாதத்தில் மூன்று வாரம் நான் புத்தகத்தையே திறக்கவில்லை. செத்தவர்களின் கணக்கைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, எலும்பில் தசை ஒட்டும் இடங்களை மனப்பாடம் செய்வதில் என்ன பொருள் என்று தோன்றியது. அதைச் சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் தவறு. கடைசியில் என்னை எழுப்பியது எங்கள் மேசைத் தோழி ஒருத்தி. தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, படித்தாயா என்று கேட்காமல், "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்பாள்.

உங்களுக்கு அப்படி ஒருத்தி இல்லையென்றால் 104-ஐ அழையுங்கள், தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி எண். 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது, அது 2022-ல் வந்தது. மருத்துவம் படிப்பவர்கள் உதவி கேட்கக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அதைப் போல எங்களுக்குக் கேடு செய்வது வேறில்லை.

வருகைப் பதிவு, தேர்வு எல்லாம் தளர்த்தினார்களா?

விதி மாறவில்லை. எழுத்துப் பாடத்துக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். முதலாமாண்டுப் பாடங்களை நான்கு முயற்சிக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு செய்முறைகளை அடுக்கடுக்காக நடத்தினார்கள். பல்கலைக்கழகத் தேர்வை 2022-ல் எழுதினோம்.

வேலூருக்குப் பெருந்தொற்று புதிதா?

இல்லை. நான் இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. அமெரிக்க மிஷனரி மருத்துவரான ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918 ஆகஸ்டில். சேர்ந்தவர்கள் 17 பேர். அதே ஆண்டுதான் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. போட ஊசி இல்லை, கொடுக்க மருந்து இல்லை, நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதுகூட அப்போது யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் இந்த ஊரில் சில இளம்பெண்கள் முதலாமாண்டு மருத்துவம் படித்தார்கள். அவர்களில் 14 பேர் படிப்பை முடித்தார்கள். மொட்டைமாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்கள் தெரியாதவர்களாகத் தோன்றவில்லை.

1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டபோதும், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். 2020-லும் ஊரடங்கு அறிவித்தபோது, சிகிச்சைக்காக வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இங்கே விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்டுத்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். நோயாளிகளை எதிர்பார்த்தே வாழும் ஊர் இது. காந்தி ரோட்டுப் பக்கம் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை பார்க்கலாம். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருக்கும் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். வேலூரில் படிக்க வருகிறவர்கள் அவருக்கு இடம் விட்டு எழுந்து நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

உங்களை "ஆன்லைன் டாக்டர்" என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

என் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டிருக்கிறார். வார்டில் ரத்தம் எடுக்கப் போனபோது, "நீங்கள் கொரோனா சமயத்தில் படித்தவரா? வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தன் அம்மாவின் கையை நீட்டியிருந்தவர் அவர். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

உண்மை இதுதான். எங்களுக்கு ஒரு குறை இருந்தது, எந்தக் குறை என்று எங்களுக்குத் தெரியும். மூளையில் இல்லை, கையில். அதனால் இரண்டாம் ஆண்டிலிருந்தே எங்களில் பலர் மாலை வேளைகளில் வார்டுக்குப் போகத் தொடங்கினோம். ரத்த அழுத்தம் பார்க்க ஆள் வேண்டும் என்றால் போனோம், புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் வேண்டும் என்றால் போனோம். செவிலியர் அக்காக்கள்தான் எங்களுக்கு உண்மையில் கைப்பாடம் எடுத்தவர்கள். சிரை கிடைக்காத கையில் எங்கே தேடுவது, எப்போது நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவது என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றேன். அன்று அந்த அம்மாவுக்கு ஒரே குத்தில் ரத்தம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இரண்டாவது குத்துக்கு முன் அக்காவைக் கூப்பிட்டிருப்பேன்.

எந்தப் பாடத்தை நீங்கள் திரையில் மட்டும் பார்த்தீர்களோ அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். "இதை நான் கையால் செய்ததில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்ட எந்த இடத்திலும் என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அம்மா, என் பிள்ளை சேரப்போகிறான். என்னென்ன வாங்கவேண்டும்?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள் ஐயா. இரண்டு பருத்தி வெள்ளைக் கோட்டு, ஒரு ஜோடி மூடிய காலணி போதும். ஸ்டெதஸ்கோப் முதலாமாண்டில் அதிகம் தேவைப்படாது. புத்தகங்களை மூத்தவர்களிடம் பாதி விலைக்கு வாங்கலாம். படிக்க ஒரு தனி மூலை வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை என்றால் ஊர் நூலகத்தைப் பழக்கிவிடுங்கள்.

அக்கா, அந்த எலும்புப் பெட்டி உங்களிடம் இருக்கிறதா? நான் வாங்கிக்கொள்ளலாமா?

2022-ல் பேரணாம்பட்டிலிருந்து வந்த தங்கை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன், அவள் அடுத்த ஆண்டு ஆரணித் தம்பிக்குக் கொடுத்தாள். இப்போது யாரிடம் இருக்கிறது என்று விடுதியில் கேட்டுச் சொல்கிறேன். மணிக்கட்டு எலும்புகள் எட்டில் ஏழுதான் இருக்கும், பட்டாணி போன்ற சிறிய எலும்பு எனக்கு வரும்போதே இல்லை. மூடியின் உட்புறம் கற்பூரப் புகை படிந்திருக்கும், அதைத் துடைக்கவேண்டாம்.